அடாப்டிவ் கண்ட்ரோல்: ‘பழகு கட்டுப்பாடு’ என்று சொல்லலாமா?

வணக்கம் ஐயா,

ஏவுகணையை வழிநடத்தும் ‘அடாப்டிவ் கண்ட்ரோல்’ முறைக்கு நீங்கள் தந்த ‘தகவமைப்புக் கட்டுப்பாடு’ என்ற சொல் இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பள்ளி உயிரியலில் தகவமைப்பு என்றால் ஒட்டகத்தின் திமில். தலைமுறை தலைமுறையாக அமைந்து முடிந்துபோன ஒன்று. ஏவுகணையில் நடப்பது அப்படியல்ல. எரிபொருள் தீரத் தீர எடை குறைகிறது, ஈர்ப்பு மையம் நகர்கிறது. கீழே அடர்ந்த காற்றில் வெடுக்கென்று திருப்பிவிடுகிற அதே வால்சிறகு அசைவு, மேலே மெலிந்த காற்றில் போதாது. சடுதியில் வளைந்து திரும்பும்போது, தாக்குகோணம் (எதிர்வரும் காற்றோடு ஏவுகணை சாய்ந்திருக்கும் கோணம்) இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும் என்ற கணக்கே உடைந்துவிடும். நேரியலா (நான்லீனியர்) என்று சொல்வது இதைத்தான். முன்பே போட்டு வைத்த அட்டவணையைப் பார்த்து மாற்றுவது வேறு முறை. அடாப்டிவ் கண்ட்ரோலோ பறந்துகொண்டே, தன் பிழையைப் பார்த்துத் தன் பெருக்கத்தை, அதாவது பிழைக்கு எத்தனை மடங்கு வால்சிறகை அசைப்பது என்ற கெயினைத் திருத்திக்கொள்கிறது.

என் சித்தப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார். ஐஸும் டீசலும் ஏற்றிக் கிளம்பும்போது படகு ஒரு மாதிரி திரும்பும். டீசல் தீர்ந்து மீனோடு வரும்போது வேறு மாதிரி. சுக்கானை எவ்வளவு திருப்புவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கொஞ்சம் திருப்பிப் பாப்பேன். எவ்ளோ கேக்குதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் கை பழகிக்கும்” என்றார்.

அதனால்தான் ‘பழகு கட்டுப்பாடு’. ஏவுகணையைப் போலவே இதுவும் வினைத்தொகை: பழகிய, பழகுகின்ற, பழகும் கட்டுப்பாடு. நடுவில் ‘க்’ வராது.

தகவு என்றால் தகுதி. அமைப்பு எப்போதும் தகுந்தபடிதான் நடக்கும் என்று அந்தச் சொல் உறுதி கொடுத்துவிடுகிறது. 1967 நவம்பர் 15 அன்று எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் விமானம் சிதறி, அதை ஓட்டிய மைக்கேல் ஆடம்ஸ் இறந்தார். அதில் இருந்தது எம்எச்-96 என்ற அடாப்டிவ் அமைப்பு. விமானம் மேலும் கீழுமாக அலைந்தபோது பெருக்கத்தைக் குறைத்திருக்க வேண்டும். அது குறைக்கவே இல்லை. பழக்கம் தப்பாகவும் போகும் என்பது நமக்குத் தெரியும். ‘பழகு’ அதற்கு இடம் விடுகிறது.

மெஷின் லேர்னிங்கோடு குழம்பாது. அங்கே ‘கற்றல்’ நிலைத்துவிட்டது. நான்லீனியர் அடாப்டிவ் கண்ட்ரோலுக்கு முழுச்சொல் ‘நேரியலாப் பழகு கட்டுப்பாடு’. இங்கே மட்டும் ‘ப்’ மிகும்.

கெயினுக்கு இப்போதைக்குப் ‘பெருக்கம்’ என்று போட்டிருக்கிறேன். மக்கள்தொகைப் பெருக்கம் நினைவுக்கு வருவதால் அதிலும் எனக்கு நிறைவில்லை. உங்களிடம் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள் ஐயா.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து