பகலில் ஓடும் வைஃபை கேமரா, விளக்கு வைக்கிற நேரத்தில் ஆஃப்லைன்: சிக்னலா, கரண்டா?

தண்டையார்பேட்டை மாடி:
வணக்கம். ரெண்டு பக்கமும் பொதுச்சுவர் வச்ச ஒரு மாடி வீடு. ரவுட்டர் மாடி ஹாலில், கேமரா கீழே தெருக் கேட்டுக்கு மேல, சன்ஷேடு அடியில். 2 மெகாபிக்சல், 5 வோல்ட் யுஎஸ்பியில் ஓடுற புல்லட் வகை. 2 ஆம்ப் அடாப்டர் உள்ளே இருக்கு, 5 மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு வெளியே எடுத்திருக்கு. பகல் முழுக்க படம் சுத்தமா வருது. சாயங்காலம் ஆறரை ஆனா ஆஃப்லைன், விடிஞ்சா தானா வந்துடுது. மூணு தடவை ரீசெட் பண்ணியாச்சு. ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரெண்டுக்கும் ஒரே பேர்தான். கேமரா பழுதா?

நாலாவது ஆன்டெனா:
ஒரே பேர் வச்சா முதல்ல சேர்க்கும்போதுதான் தகராறு. இந்தக் கேமராக்கள்ல பெரும்பாலானதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். உங்களுது சேர்ந்துட்டதால அது காரணமில்ல. ஆனா பொதுச்சுவர் வீடுன்னா அக்கம்பக்கத்து ரவுட்டர் எல்லாம் உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பினதும் 2.4 நெரிசல் ஆகும். சேனலைப் பாருங்க.

சாலிடர் புகை:
நெரிசல்னா விட்டு விட்டு வரும் அண்ணே, ராத்திரி 2 மணிக்கு ஊரே தூங்குறப்போ சரியாயிடணும். இது விடியுற வரைக்கும் வரலைங்கிறாரு. இருட்டோட போய் வெளிச்சத்தோட வருதுன்னா இன்ஃப்ராரெட் எல்இடி, அதாவது இருட்டுல படம் பிடிக்க கேமராவே போடுற கண்ணுக்குத் தெரியாத விளக்கு, அது மேலதான் சந்தேகம்.

தம்பி, சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேணாம். மத்தியானமே கேமரா முகத்தைக் கறுப்புத் துணியால ரெண்டு மூணு மடிப்பா மூடுங்க. சில நொடியில உள்ளே ‘டிக்’னு ஒரு சத்தம் கேட்கும். லென்ஸுக்குப் பின்னாடி, சென்சாருக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டர் நகர்ற சத்தம் அது, அப்போதான் எல்இடியும் எரியும். அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு சொல்லுங்க.

தண்டையார்பேட்டை மாடி:
மூடினேன். டிக். கொஞ்ச நேரத்துல ஆப்பில் படம் உறைஞ்சுது. அரை நிமிஷம் கழிச்சு மறுபடி டிக், மறுபடி போச்சு. துணியை எடுத்தா சரியாயிடுது.

நாலாவது ஆன்டெனா:
அப்போ என் கணிப்பு தப்பு. 3 ஆம்ப் அடாப்டர் வாங்கிப் போட்டா சரியாயிடுமா?

சாலிடர் புகை:
ஆகாது. நிறைய பேர் காசு விடுற இடம் இது. அடாப்டர்ல குறையில்ல, வயர்லதான் வோல்ட் கரையுது. கடையில வர்ற எக்ஸ்டென்ஷன்ல உள்ளே பெரும்பாலும் 28 கேஜ் நூல்தான். மீட்டருக்கு 0.21 ஓம். 5 மீட்டர் போக, 5 மீட்டர் வர, மொத்தம் 2.1 ஓம். பகல்ல கேமரா 0.3 ஆம்ப் இழுக்குதுன்னு வைங்க, 0.6 வோல்ட் வயர்லயே போயிடும், 4.4-ல எப்படியோ ஓட்டிடும். எல்இடி எரிஞ்சு 0.6 ஆம்ப் ஆனா கேமராவுக்குக் கிடைக்கிறது 3.7. உடனே ரீஸ்டார்ட். எழுந்து பார்த்தா இன்னும் இருட்டு, மறுபடி எல்இடி, மறுபடி ரீஸ்டார்ட். ராத்திரி பூரா இதேதான்.

தண்டையார்பேட்டை மாடி:
வயர் முனையில மல்டிமீட்டர் வச்சேன் அண்ணே, 5.1 காட்டுதே?

சாலிடர் புகை:
கேமராவைக் கழட்டிட்டு அளந்திருப்பீங்க. கரண்ட் ஓடலைன்னா வயர்ல இழப்பே இருக்காது. கேமரா ஓடும்போது, துணி மூடின நிலையில அளக்கணும்.

செய்ய வேண்டியது: எக்ஸ்டென்ஷனை நடுவுல வெட்டி ரெண்டு முனையிலும் அரை ஜாண் விடுங்க. இடையில 0.75 சதுர மில்லிமீட்டர் ரெண்டு கோர் செம்பு வயர் 5 மீட்டர். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. பச்சை, வெள்ளை டேட்டா வயர், அதைத் தனித்தனியா டேப் சுத்தி விட்டுடுங்க. மாத்திக் கொடுத்தா கேமரா காலி, அதனால சொருகுறதுக்கு முன்னாடி மீட்டர்ல பிளஸ், மைனஸ் பாருங்க. எல்இடி எரியும்போதும் 4.8 பக்கம் நிக்கும்.

10 மீட்டருக்கு மேல போகணும்னா 12 வோல்ட் அனுப்பி, கேமரா பக்கத்துல பக் கன்வர்ட்டர் வச்சு 5 ஆக்குங்க. அதோட திருகாணியைத் திருப்பி 5.1 வச்சு, மீட்டர்ல பார்த்த பிறகுதான் கேமராவைச் சொருகணும்.

உப்புக்காத்து:
வயரிங் பிரிக்கிறப்போவே இதையும் செஞ்சிடுங்க. நம்ம பக்கம் கனெக்டரைத் தின்கிறது மழையை விட உப்பு. காசிமேடு, திருவொற்றியூர்னா கேட்கவே வேணாம். ஐபி66-ங்கிற தூசி, தண்ணி தாங்குற தரம் கேமரா உடம்புக்குத்தான், அதிலிருந்து தொங்குற சொருகிக்கு இல்லை. சின்ன பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள இணைப்பை வைங்க. வயர் துளை அடிப்பக்கமா இருக்கட்டும். நுழையுறதுக்கு முன்னாடி வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டா ஐப்பசி மழைத் தண்ணி வளைவுல சொட்டிடும், உள்ளே ஏறாது. திருகு 316 ஸ்டெயின்லெஸ் கிடைச்சா அதையே போடுங்க, 304-ம் கடல்காத்துல கறை பிடிக்கும்.

இன்னொண்ணு: சன்ஷேடு கான்கிரீட் கேமராக் கண்ணுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருந்தா எல்இடி வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி, ராத்திரிப் படம் வெள்ளையா பூக்கும். கேமராவை விளிம்பு வரைக்கும் முன்னாடி தள்ளுங்க.

தண்டையார்பேட்டை மாடி:
வயர் மாத்தி மூணு ராத்திரி ஆச்சு, ஒரு தடவை கூட ஆஃப்லைன் போகலை. துணி மூடி அளந்தா 4.8. ஆனா ராத்திரி 9 மணி வாக்கில் படம் ரெண்டு மூணு நொடி நின்னு நின்னு வருது.

நாலாவது ஆன்டெனா:
இதுதான் நெரிசல்! இப்போ என் பாட்டைக் கேளுங்க. ரவுட்டர்ல ஆட்டோ சேனலை எடுத்துட்டு 1, 6, 11-ல எது காலியோ அதுல நிறுத்துங்க. 3, 4 மாதிரி நடுவுல வச்சா ரெண்டு பக்கத்துச் சத்தமும் வந்து சேரும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், 40 வேணாம். கேட்டுக்கிட்ட போன்ல சிக்னல் (டிபிஎம் கணக்குல) மைனஸ் 65 வந்தா நல்லது, மைனஸ் 75-ஐ விடக் கீழே போனா ரவுட்டரையே நகர்த்தணும். டிவிக்குப் பின்னாலயோ இரும்பு பீரோ மேலயோ இருந்தா முதல்ல அங்கேருந்து எடுங்க. ஆப்பில் பிட்ரேட்டையும் (நொடிக்கு எவ்வளவு வீடியோ டேட்டா போகுதுங்கிறது) 1 மெகாபிட்டுக்குக் குறைச்சுப் பாருங்க.

தண்டையார்பேட்டை மாடி:
பீரோ மேலதான் இருந்துச்சு. எடுத்து வாசல் பக்கச் சுவர்ல மாட்டினேன், மைனஸ் 74-லிருந்து 63. சேனல் 1. நேத்து நிக்கலை. கடைசியா ஒண்ணு: 64 ஜிபி கார்டு எத்தனை நாள் தாங்கும்?

சாலிடர் புகை:
1 மெகாபிட்னா ஒரு நாளைக்கு 10.8 ஜிபி, அஞ்சரை நாள் சுமாருக்கு வரும். 2 மெகாபிட் வச்சா அதுல பாதி. ஓயாம பதிவு பண்ணாலும் தாங்குற ‘ஹை என்டூரன்ஸ்’ கார்டு வாங்குங்க, போன்ல ஃபார்மேட் பண்ணாம கேமராவுக்குள்ளயே பண்ணுங்க. பெட்டியோட வந்த பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருந்தா இன்னிக்கே மாத்திடுங்க. 2016-ல மிராய்ங்கிற வைரஸ் அந்த மாதிரி கேமராவாப் பார்த்துதான் பிடிச்சுது. எதிர்வீட்டு வாசல் படத்துல விழுந்தா ஆப்பில் பிரைவசி மாஸ்க் இருக்கும், அந்தக் கட்டத்தை மறைச்சிடுங்க.