ஒரே வீட்டில் தனித்தனியாக

மன்னார்குடி பக்கம். என் வீட்டுக்காரர் நெல் வியாபாரி, குடி இல்லை, கை நீட்டியதில்லை, அதனால் யாரிடம் சொன்னாலும் "உனக்கென்னடி குறை" என்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் திண்ணையில் பாய் போட்டவர் இன்னும் உள்ளே வரவில்லை. தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா? சர்க்கரை, பிரஷர், சில மனஅழுத்த மாத்திரைகள் எல்லாமே ஆசையையும் விறைப்பையும் குறைக்கலாம். அந்த வெட்கத்திலேயே தள்ளிப் படுக்கும் ஆம்பளைகள் நிறைய, வெறுப்பு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

பதில்: அக்கா, கொள்முதல் நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீங்க, நெல்லில் ஈரப்பதம் கூடிப்போச்சு என்று தலை கொதிக்கும். டாக்டரிடம் வரமாட்டேன் என்றால் முதலில் நீங்கள் மட்டும் 14416-க்குப் போடுங்கள். டெலி மானஸ், அரசாங்க மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பதில்: இன்னொரு பிள்ளை பெத்தா சரியாயிடும் என்று மாமியார் சொல்வார். தலையாட்டிடாதீங்க.

கேட்டவர்: சர்க்கரை இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. அதற்கும் அவர் தள்ளிப் படுப்பதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. கால் எரிகிறது என்கிறார், அதைச் சொல்லியே தஞ்சாவூர் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், மீதியை அங்கே நானே கேட்டுக்கொள்கிறேன்.