பீட்டா பிளாக்கர் போடுபவருக்கு பல்ஸ் 54: நிறுத்தலாமா?

மருந்துக்கடை_மேசை:
வணக்கம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் பலர் மெட்டோப்ரோலால் சக்சினேட் 50 மி.கி. என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையை வாங்குகிறார்கள். வீட்டு பிபி மெஷினில் பல்ஸ் 54, 52 என்று பார்த்ததும் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். கை கால் சில்லென்று ஆகிறது என்பது இன்னொரு புகார். 'பிபிதான் 120/76 இருக்கிறதே, இனி எதற்கு?' என்றும் கேட்கிறார்கள். நிறுத்தாதீர்கள் என்றால் மட்டும் போதவில்லை, காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரை உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

இதயத்துடிப்பு:
பல்ஸ் இறங்குவது மருந்தின் வேலையே. அட்ரினலின் போய் உட்காரும் பீட்டா-1 ஏற்பிகளை மாத்திரை அடைத்துக்கொள்கிறது. துடிப்பு குறைந்து, சுருங்கும் விசையும் தணிவதால் இதயத்தசைக்கு ஆக்சிஜன் தேவை குறைகிறது.

இன்னொன்றையும் சொல்லுங்கள். இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில்தான் போகிறது. சுருங்கும்போது தசை தன் ரத்தக்குழாய்களையே நெரித்துவிடும். பல்ஸ் 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி, அதில் விரியும் நேரம் சுமார் 0.5 நொடி. பல்ஸ் 55 ஆனால் ஒரு துடிப்புக்கு 1.1 நொடி கிடைக்கிறது. கூடுதலாகக் கிடைத்த நேரத்தில் பெரும்பகுதி விரிவதற்கே சேர்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இது லாபம்.

கை கால் சில்லிடுவது ஏன்? இதயம் வெளியேற்றும் ரத்தம் கொஞ்சம் குறைவதால் தோல் பக்கத்துக் குழாய்கள் இறுகுகின்றன. ப்ரோப்ரனலால் போன்ற வேறு பீட்டா பிளாக்கர்கள் குழாயை விரிக்கும் பீட்டா-2 ஏற்பியையும் அடைப்பதால் அவற்றில் இது அதிகம். விரல் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ டாக்டர் பார்க்க வேண்டும். வெறும் சில்லிப்புக்கு மாத்திரையை விட வேண்டியதில்லை.

திடீரென நிறுத்துவதுதான் ஆபத்து. நாள்பட மாத்திரை போடும்போது உடம்பு ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. மருந்து வடிந்ததும் வழக்கமான அட்ரினலினே கூடுதலாக வேலை செய்யும். படபடப்பு, பிபி ஏற்றம், நெஞ்சுவலி, சிலருக்கு மீண்டும் மாரடைப்பு. நிறுத்தியே ஆக வேண்டுமென்றாலும் டாக்டர் சொல்லும் கணக்கில் 1 முதல் 2 வாரத்துக்குள் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

வார்டு_செவிலி:
முதலில் அந்த 54 உண்மையா என்று பாருங்கள். இடையிடையே முந்திக்கொண்டு வரும் துடிப்பு இருந்தால் மெஷின் அதைத் தவறவிட்டுக் குறைத்துக் காட்டலாம். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மணிக்கட்டில் முழு ஒரு நிமிடம் விரலால் எண்ணுங்கள். துடிப்பு ஒழுங்கில்லை என்றால் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

எண் மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 52 இருந்தும் நன்றாக நடமாடுகிறார் என்றால் அடுத்த செக்கப்பில் சொன்னால் போதும். 50-க்குக் கீழே நின்றால் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்ட பிறகே அடுத்த மாத்திரை. மயக்கம், கண் இருட்டுதல், புதிதாக மூச்சுவாங்கல், நெஞ்சுவலி என்றால் எண் என்னவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்கு.

கூடவே என்ன மருந்து போடுகிறார் என்று கட்டாயம் கேளுங்கள். வெரபமில், டில்டியாசெம், டிகாக்சின், ஐவாபிரடின் எல்லாமே பல்ஸை இறக்கும். எல்லோரும் மறப்பது கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு. அதுவும் பீட்டா பிளாக்கர்தான், கண்ணீர்ப்பாதை வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். ஆஸ்துமாக்காரருக்கு வீசிங்கையும் கிளப்பும். சொட்டுவிட்டதும் மூக்கோரக் கண்முனையை 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் கலப்பது குறையும்.

சுகர் மருந்து போடுபவருக்கு லோ சுகர் வந்தால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டர்.

எக்கோ_அறை:
'இனி எதற்கு?' என்ற கேள்வி நியாயமானதே, அதை அடக்க வேண்டாம். பதில் பிபியில் இல்லை, இதய ஸ்கேனான எக்கோவில் வரும் இஎஃப் சதவீதத்தில் இருக்கிறது, அதாவது இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்பதில். 40-ம் அதற்குக் கீழும் என்றால் இந்த வகை மாத்திரை ஆயுளைக் கூட்டுகிறது. அதை 1999-இல் வந்த மெரிட்-எச்எஃப், சிபிஸ்-2 ஆய்வுகள் காட்டிவிட்டன. 50-க்கு மேல் இருப்பவர்கள் விஷயம் வேறு. 2024-இல் ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வில் அவர்களுக்கு மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. அதே ஆண்டு வந்த அபிஸ் ஆய்விலோ, நிறுத்துவது தொடர்வதைப் போலவே பாதுகாப்பானது என்று நிரூபணமாகவில்லை. கடைசி எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை_மேசை:
நன்றி. டாக்டர் 25-ஆகக் குறைத்தால், கையில் இருக்கும் 50-ஐ உடைத்துப் போடலாமா?

இதயத்துடிப்பு:
சக்சினேட் மாத்திரையில் நடுவில் கோடு இருந்தால் கோட்டோடு உடைக்கலாம். பொடிக்கவோ மெல்லவோ கூடாது. 24 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். அட்டையில் டார்ட்ரேட்டா சக்சினேட்டா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இரண்டும் மெட்டோப்ரோலால்தான், ஆனால் சக்சினேட் மெதுவாக இறங்கும் வகை, டார்ட்ரேட் பொதுவாகத் தினம் இரண்டு வேளை. மாற்றிக் கொடுத்துவிட்டு ஒரு வேளை மட்டும் போட்டால், அடுத்த மாத்திரைக்கு முந்தைய சில மணி நேரம் இதயத்துக்குப் பாதுகாப்பு இருக்காது.