முதல் பக்கத்துக்கு மட்டும் மேல் ஓரம் கூட வேண்டும்

கேள்வி
நான் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர். சிறுபோக நீர்ப்பங்கீடு பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் மூன்று பக்கத்தைத் தாண்டிவிடும். கிளிநொச்சியில் அச்சடித்த எங்கள் கடிதத் தாளில் பெயரும் குளத்தின் படமும் மேலே 6 செ.மீ. பிடிக்கின்றன. (படம் வேண்டாம் என்றேன், தலைவர் கேட்கவில்லை.) வேர்டில் மேல் ஓரத்தை 6 ஆக்கினால் எல்லாப் பக்கமும் மொட்டையாக நிற்கிறது. முதல் பக்க முடிவில் பிரிவு முறிப்பு (ஆவணத்தைத் தனித்தனி ஓரமுள்ள பகுதிகளாக வெட்டும் குறி) போட்டேன். பிறகு மேலே ஒரு பந்தி சேர்த்ததும் இரண்டாம் பக்கத்தில் இரண்டு வரிகள் மட்டும் அநாதையாகக் கிடக்கின்றன.

மறுமொழி
ஐயா, முறிப்பை அழித்துவிடுங்கள். வேர்டில் ஓரம் பிரிவுக்கு உரியது, தனிப் பக்கத்துக்கு இல்லை. ஓரத்தை 2.5 செ.மீட்டரிலேயே விடுங்கள். பக்கத்தின் உச்சியில் இருமுறை சொடுக்கினால் தலைப்பகுதி திறக்கும். ‘முதல் பக்கம் வேறு’ என்பதைத் தெரிவுசெய்து, அங்கே வெற்று வரிகளைச் சேருங்கள். தலைப்பகுதி வளர வளர உரை தானாகக் கீழே இறங்கும்.

மறுமொழி
லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. எஃப்11 அழுத்தி, பக்கப் பாணிகளில் ‘முதல் பக்கம்’ என்பதை இருமுறை சொடுக்கி, அதன் மேல் ஓரத்துக்கு மட்டும் 6 செ.மீ. கொடுங்கள். அடுத்த பக்கம் வழமையான பாணிக்குத் தானே திரும்பும்.

கேட்டவர்
வேர்டிலேயே சரிவந்தது, தம்பி. ஒன்பது முறை எண்டர் தட்டினேன். குளத்தின் மேல் எழுத்து ஏறவில்லை.