குத்துப் பாட்டுக்கு 150ஆ, 100ஆ? லைப்ரரியைக் கெடுக்காதீங்க

மேலூர்_மிக்ஸர்:
நேத்து இன்னொரு திரியில ஒருத்தர் டி.ஜே. வேலைக்கு வர்ற புதுப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்: "பாட்டை எல்லாம் சாஃப்ட்வேருக்குள்ள இழுத்துப் போடுங்க, அனலைஸ் பண்ணுங்க, வர்ற பி.பி.எம். எண்ணுல (நிமிஷத்துக்கு எத்தனை அடி) கை வைக்காதீங்க, அதை வெச்சே கிரேட் (பாட்டை அடுக்குற பெட்டி) பிரிங்க." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. நம்ம ஊர் குத்துப் பாட்டு நிறைய ஆறெட்டு (6/8) தாளம். தகிட தகிடன்னு மூணு மூணா ஓடும். சாஃப்ட்வேர் நாலு நாலா எண்ணிப் பழகினது. உள்ள ஓடுற சின்ன அடியை மூணு மூணா எடுக்காம ரெண்டு ரெண்டாப் பிரிச்சு, நிமிஷத்துக்கு 100 அடி விழற பாட்டை 150ன்னு காட்டும். என்கிட்ட 11,000 பாட்டு இருக்கு, ஆறெட்டு ஒவ்வொண்ணையும் கையால 100ன்னு திருத்தியிருக்கேன். திருத்தாம அடுக்கினா அது லைப்ரரி இல்ல, குடோன்.

ஈசிஆர்_நைட்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லியே திட்டியிருக்கலாம். கூட்டம் ஆடுறது 150க்கு. 100ன்னு போட்டா அந்தப் பாட்டு மெலடி பக்கத்துல போய் உக்காரும். ரிசப்ஷன்ல ராத்திரி பத்து மணிக்கு பி.பி.எம். வரிசையில தேடும்போது குத்து கீழ கிடந்தா யார் தோண்டி எடுக்கிறது?

மேலூர்_மிக்ஸர்:
தம்பி, 150ன்னு வெச்சு நாலு பீட் லூப் (அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விடுறது) போட்டுக் காட்டு. பாட்டு ஆறு சின்ன அடியில திரும்பும், உன் லூப் எட்டுல வெட்டும். 100ன்னு வெச்சா அதே நாலு பீட்டுல பன்னெண்டு, ரெண்டு சுத்து சுத்தமா முடியும். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

லூப்_ராணி:
பாதி எண், இரட்டை எண் கோளாறுன்னா செராட்டோ சாஃப்ட்வேர்ல பி.பி.எம்.முக்கு 78-155ன்னு ரேஞ்ச் வெச்சா அடங்கிடும். 75 காட்டுறது 150 ஆயிடும். ஆனா 100ம் 150ம் ரெண்டுமே அந்த ரேஞ்சுக்குள்ள வருது, அதனாலதான் ஆறெட்டுக்கு இது உதவறதில்ல. மூணு எக்ஸ் போட்டு எழுதுவாங்களே, Mixxxன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல மூணுல ரெண்டு பங்காக்குற வசதி மெனுவிலேயே இருக்கு. 150ஐ ஒரே சொடுக்குல 100 ஆக்கலாம்.

ஈசிஆர்_நைட்:
ஆக்கலாம். ஏன் ஆக்கணும்? கூட்டம் ஆடுறது 150க்கு.

தவில்வீடு:
ரெண்டு பேரும் எதை "அடி"ன்னு சொல்றீங்கன்னு முதல்ல சொல்லுங்க. எங்க வீட்டுல இதைத் திஸ்ர நடைன்னு சொல்வோம், ஒரு அடிக்குள்ள மூணு மூணா ஓடுறது. தாளம் போடுற கை வேற, உள்ள ஓடுற நடை வேற. கை எது, நடை எதுன்னு தெரியாம எண்ணைப் பத்திச் சண்டை போட்டா எப்படி முடியும்?

ஈசிஆர்_நைட்:
பாடம் வேணாம் சார். லேப்டாப்ல என்ன எண் போடணும்னுதான் பேச்சு.

மேலூர்_மிக்ஸர்:
தவில்வீடு ஐயா சொன்னது என் கட்சிதான். கை 100. லூப் போட்டுக் காட்டு.

ஈசிஆர்_நைட்:
நான் மூணு பீட் லூப் போடுவேன். முடிஞ்சுதா?

மேலூர்_மிக்ஸர்:
லூப் பட்டன் 1, 2, 4, 8, 16ன்னு இரட்டிச்சுத்தான் போகும். மூணுக்கு லூப் ஆரம்பிக்கிற இன், முடியற அவுட் ரெண்டையும் கையால அமுக்கணும். ஆயிரம் பேர் நிக்கிற பந்தல்ல ஒவ்வொரு பாட்டுக்கும் கையால அமுக்குவியா?

ஈசிஆர்_நைட்:
சரி, நான் 140ல ஒரு பாட்டு ஓட்டிட்டு குத்துக்கு வர்றேன். 150ன்னு இருந்தா சிங்க் (ரெண்டு பாட்டு வேகத்தையும் ஒண்ணாக்குற பட்டன்) அமுக்கினதும் ஒட்டும். 100ஐ 140க்கு இழுத்தா பாட்டு பிஞ்சு தொங்கும்.

மேலூர்_மிக்ஸர்:
சிங்க்! இப்பத்தான் உண்மை வெளிய வந்துச்சு. எண் ஒட்டும், அடி ஒட்டாது. அங்க நாலா விழற கிக் ஒரு பக்கம் போகும், இங்க மூணா விழற தவில் ஒரு பக்கம் போகும். ஹெட்போனைக் காதுல வெச்சிருந்தா கேட்டிருக்கும். நான் 1998ல ரெண்டு கேசட் டெக்கை வெச்சு ஆரம்பிச்சவன். எண்ணே இல்லாம மிக்ஸ் பண்ணினவன்.

ஈசிஆர்_நைட்:
எண்ணே இல்லாம பண்ணினவர் எண்ணுக்கு ஏன் இவ்வளவு குதிக்கிறீங்க? உங்க லைப்ரரி லட்சணம் எனக்குத் தெரியும். போன வருஷம் நீங்க கொடுத்த ஹார்ட் டிஸ்க்குல பாதிப் பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் இடத்துல டவுன்லோட் பண்ணின வெப்சைட் பேர்தான் இருந்துச்சு. பாடினவர் பேரையே காணோம். 320 கே.பி.பி.எஸ்.னு, அதாவது நல்ல தரம்னு போட்டிருந்த ஃபைலை ஸ்பெக்ட்ரம்ல பார்த்தா 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே இல்ல. மட்டமான 128ஐ ஊதிப் பெரிசாக்கின சரக்கு.

மேலூர்_மிக்ஸர்:
அது பழைய டிஸ்க். அவசரம்னு கேட்டே, கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க அஞ்சு மாசம் ஆச்சு, அதையும் எழுது. கொடுத்தப்ப இருந்த ஃபோல்டரை எல்லாம் மாத்தி வெச்சிட்டே. என் ரெகார்ட்பாக்ஸ் சாஃப்ட்வேர்ல முழுக்கக் கோப்பு காணலைன்னு ஆச்சரியக்குறி. ரெண்டு ராத்திரி உக்காந்து ரீலொக்கேட் (கோப்பு இருக்குற இடத்தைத் திரும்பக் காட்டுறது) பண்ணினேன்.

ஈசிஆர்_நைட்:
நீங்க கொடுத்ததுல ஒரு கியூ பாயின்ட்கூட (பாட்டுல எங்க ஆரம்பிக்கணும்னு போட்டு வைக்கிற குறி) வரலையே, அதுக்கு நான் யாரைக் கேக்கிறது?

லூப்_ராணி:
வராது. ரெகார்ட்பாக்ஸ் கியூவைத் தன் டேட்டாபேஸ்ல வெச்சுக்கும், அது அவர் லேப்டாப்ல இருக்கு. செராட்டோன்னா பாட்டுக் கோப்போட டேக்குலயே எழுதிடும், டிஸ்க்கோட வந்திருக்கும்.

மேலூர்_மிக்ஸர்:
கேட்டுக்கோ. ராணி தம்பி சொல்றதைக் கேளு.

லூப்_ராணி:
நான் தம்பி இல்ல அண்ணே. பேர்லயே ராணின்னு இருக்கு. மூணாவது தடவை சொல்றேன்.

ஸ்கார்பரோ_பைலா:
எங்கட பக்கம் பைலாவுக்கும் (இலங்கை ஆட்டப் பாட்டு) இதே கரைச்சல்தான், அதுவும் ஆறெட்டு. நான் எண்ணை 100 எண்டு திருத்திப்போட்டு, கொமென்ட் இடத்தில "ஆறெட்டு" எண்டு எழுதி விடுவன். அந்தச் சொல்லுக்கு ஒரு ஸ்மார்ட் கிரேட் செய்து வைச்சா எல்லாம் தானாப் போய் ஒரு இடத்தில சேரும், மெலடியோட கலக்காது. இன்னொண்டு, எண்பதுகளில வந்த பாட்டுகள் கனக்க வாத்தியக்காரர் சேர்ந்திருந்து வாசிச்சது. நடுவில வேகம் கூடும், குறையும். அதுக்கு 100உம் சரிவராது, 150உம் சரிவராது. கிரிட்டை (அடி விழுற இடத்தைக் காட்டுற கோடுகள்) இடைக்கிடை நகர்த்த வேணும்.

மேலூர்_மிக்ஸர்:
அவரே 100ன்னு சொல்லிட்டார், பார்த்தியா?

ஈசிஆர்_நைட்:
"100உம் சரிவராது"ன்னும் சொல்லியிருக்கார். முழுசாப் படிங்க.

மேலூர்_மிக்ஸர்:
அது பழைய பாட்டுக்கு. குத்துக்கு 100. நாளைக்கு எங்க ஊர் மண்டபத்துக்கு வா, உன் 150ஐப் போடு, நாலு பீட் லூப் அமுக்கு. மேளக்காரங்களும் இருப்பாங்க, அவங்க முகத்தைப் பார்த்துக்க.

ஈசிஆர்_நைட்:
நாளைக்கு எனக்கு மகாபலிபுரத்துல ஷோ. கூட்டம் 150க்கு ஆடும், வீடியோ எடுத்துப் போடுறேன்.

தவில்வீடு:
கை எது, நடை எதுன்னு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

மேலூர்_மிக்ஸர்:
வீடியோ வேணாம். லூப் போட்டுக் காட்டு.