கலைச்சொல் தேடல்: தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் கான்கிரீட்

அனுப்புநர்: கட்டடப் பொறியாளர், காரைக்குடி

குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

கட்டடவியல் சொற்பட்டியலில் எனக்கு ஒதுக்கிய பக்கம் ஒரே வரியில் சிக்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'செல்ஃப் ஹீலிங் கான்கிரீட்' என்கிறார்கள். நான் முதலில் எழுதி வைத்தது 'தன்னாற்றல் கான்கிரீட்'. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக்கு முகப்பு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே மேற்பார்வை பார்க்கும் தம்பியிடம் காட்டினேன். "கரண்டு எடுக்குற கான்கிரீட்டாண்ணே?" என்றான். அவன்மேல் தப்பில்லை. ஆற்றல் என்றால் நமக்குச் சக்திதான். புண்ணை ஆற்றுவது அந்தச் சொல்லுக்குள் இருப்பது எழுதியவனுக்கு மட்டும்தான் தெரியும்.

'தன்சீராக்கம்', 'சுயகுணமாதல்', 'தற்செப்பம்' என்றெல்லாம் ஆங்காங்கே பார்த்தேன். எதுவும் வாயில் நிற்கவில்லை. சொல்லை விட்டுவிட்டு, நடப்பது என்ன என்பதை முதலில் வைக்கிறேன்.

2023 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்மிர் மாசிச் குழு ரோமானியக் கான்கிரீட் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. இத்தாலியில் பிரிவெர்னம் என்ற பழைய ஊரின் மதில் சுவரிலிருந்து எடுத்த துண்டுகள். அவற்றில் மில்லிமீட்டர் அளவில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். கலவையைச் சரியாகக் கலக்காததால் வந்த கோளாறு என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். மாசிச் குழு வேறு கணக்குச் சொன்னது. ரோமானியர்கள் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு மட்டும் போடவில்லை, நீற்றாத சுட்ட சுண்ணாம்பையே எரிமலைச் சாம்பலோடு நேரடியாகக் கலந்து தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கலவை கொதிக்கும், அந்தச் சூட்டில் கட்டிகள் அப்படியே உள்ளே தங்கிவிடும். பிற்பாடு சுவரில் விரிசல் விழுந்தால் அது இந்தக் கட்டிகளைப் பிளந்துகொண்டுதான் போகும். மழைத் தண்ணீர் இறங்கும், கட்டியிலிருந்து கால்சியம் கரையும், விரிசலுக்குள்ளேயே சுண்ணாம்புக்கல்லாகப் படியும். சோதித்தும் பார்த்தார்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதன் வழியே தண்ணீரை ஓட விட்டார்கள். 2 வாரத்துக்குள் தண்ணீர் நின்றுபோனது. சுட்ட சுண்ணாம்பு சேர்க்காத துண்டில் நிற்கவே இல்லை.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்ததும் 'செட்டிநாட்டுச் சாந்தில் நம் முன்னோர் அன்றே செய்தது' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நம்முடையது நேர் எதிர். சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறப் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, கண்ணாடிபோலத் தேய்க்கிறோம். ஒரு கட்டி தட்டுப்பட்டால் கொத்தனார் மறுபடி அரைக்கச் சொல்வார். ரோமானியனின் கட்டி நம் ஊரில் திட்டு வாங்கும். அதனால் நம் சாந்து மட்டம் என்று சொல்லவில்லை. அதன் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது.

இனி சொல்லுக்கு வருகிறேன். ஆங்கில 'ஹீல்' இரண்டு பக்கமும் போகும். வைத்தியர் புண்ணை ஹீல் பண்ணுவார், புண்ணும் ஹீல் ஆகும். அதனால் அவர்களுக்கு முன்னால் ஒரு 'செல்ஃப்' தேவைப்படுகிறது. நமக்கு ஆற்று வேறு, ஆறு வேறு. மருந்து ஆற்றும், புண் ஆறும். குறளிலேயே தீயினால் சுட்ட புண் உள்ளாறும் என்றுதான் இருக்கிறது, யாரும் வந்து ஆற்றவில்லை. தன்வினையிலேயே அந்தத் 'தான்' அடங்கிவிட்டபோது, தன், சுய, தானியங்கு என்று முன்னால் ஏன் ஒரு வாலைக் கட்ட வேண்டும்?

என் முன்மொழிவு: 'ஆறும் கான்கிரீட்'. பண்புக்கு 'ஆறுதிறன்'. அடித்து நொறுக்குங்கள்.

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியை, தேவகோட்டை

அண்ணே, 'தான்' வேண்டாம் என்பது சரி. ஆனால் 'ஆறுதிறன்' என்று எழுதிப் போட்டால் என் பிள்ளைகள் அந்த ஆறு திறன்கள் எவை என்று 1, 2 போட ஆரம்பித்துவிடுவார்கள். 'ஆறும் கான்கிரீட்' என்றால் சூடு தணிகிற கான்கிரீட். டீ ஆறுகிறது, சோறு ஆறுகிறது. அதுவும் நீங்கள் சொல்கிற ரோமானியக் கலவை கொதிக்கிற கலவை. அங்கே போய் 'ஆறும்' என்றால் எந்த ஆறும்?

அனுப்புநர்: எலும்பு மருத்துவர், புதுக்கோட்டை

என்னிடம் வருகிறவர்களில் ஒருவர்கூட "எலும்பு ஆறிருச்சா?" என்று கேட்டதில்லை. "கூடிருச்சா டாக்டர்?" என்பதுதான் கேள்வி. மாவுக்கட்டு போட்டு நேராக வைப்பதோடு என் வேலை முடிந்தது. முறிந்த இடத்தில் ரத்தம் உறையும், அதன்மேல் குருத்தெலும்புபோல மெத்தென்று ஒரு வீக்கம் வளரும், அது கெட்டிப்படும், பிறகு மாதக்கணக்கில் செதுக்கப்பட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். தோலில் வெட்டுப்பட்டால் ஆறும், ஆனால் தழும்பு நிற்கும். எலும்பில் தழும்பு நிற்காது, எலும்பாகவே கூடும். உடைந்த கெட்டிப்பொருளுக்குச் சொல் தேடுகிறீர்கள் என்றால் புண்ணைவிட எலும்புதான் பக்கத்து உறவு. 'கூடல் கான்கிரீட்' என்று வைக்கலாமே?

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியை, தேவகோட்டை

டாக்டர், பிளஸ் டூ வகுப்பில் 'கூடல்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நான் பிள்ளைகள் பக்கம் திரும்ப முடியாது. அடுத்த பாடவேளை தமிழ். அகத்திணை.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற மின்வேதியியலாளர், காரைக்குடி

அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்த செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கத் துருவைப் பார்த்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

நீங்கள் எல்லோரும் ஒரே சொல் தேடுகிறீர்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் நடப்பது ஒன்றல்ல.

வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு ஏட்டைப் போர்த்திக்கொள்கிறது. தேய்க்கும்போது கீறல் விழுந்தாலும் காற்று பட்டதும் ஏடு மறுபடி கட்டிக்கொள்ளும். பாலில் ஆடையை எடுத்தாலும் மறுபடி கட்டுகிறதல்லவா, கிட்டத்தட்ட அதுபோல. கீறல் நிரம்பாது, கண்ணுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் துரு ஏறாது. இங்கே ஆறியது எது? உலோகமா, ஏடா?

குரோமேட் பூச்சு இன்னொரு விதம். கீறல் விழுந்தால் பூச்சில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் ஈரத்தில் கசிந்து அந்த இடத்துக்குப் போய்க் காப்பு போடும். பிரமாதமான வேலைக்காரன், ஆனால் புற்றுநோய் உண்டாக்குகிறவன். அதனால்தான் சீரியம் உப்பு, அது இது என்று மாற்று தேடி உலகம் முழுக்க ஆய்வு நடக்கிறது.

2001இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஒயிட் குழு செய்தது மூன்றாவது. பிளாஸ்டிக்குக்குள் திரவம் அடைத்த நுண்குமிழ்களைத் தூவிவிட்டார்கள். விரிசல் வந்து குமிழை உடைத்ததும் திரவம் கசிந்து, உள்ளே தயாராக இருக்கும் வினையூக்கியைத் தொட்டு இறுகும். போன உறுதியில் 75 சதவீதம்வரை மீண்டது.

நான்காவதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கொஞ்சம் மலைப்புத்தான். 2023இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 40 நானோமீட்டர் தடிமனுள்ள பிளாட்டினத் துண்டை வெற்றிடத்தில் வைத்து, நொடிக்கு 200 தடவை இழுத்து இழுத்து விட்டார்கள். விரிசல் எப்படி வளர்கிறது என்று பார்க்கத்தான். சுமார் 40 நிமிடத்தில் விரிசலின் முனை பின்வாங்கி ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை, கரையவில்லை, படியவில்லை. இரண்டு முகமும் தொட்டு உலோகம் உலோகத்தோடு சேர்ந்துவிட்டது. இப்படி நடக்கலாம் என்று மைக்கேல் டெம்கோவிச் 2013இலேயே கணினிக் கணக்கில் காட்டியிருந்தார். டாக்டர் சொன்ன 'கூடுதல்' இதற்குத்தான் பொருந்தும், கான்கிரீட்டுக்கு அல்ல.

பொறியாளர் தம்பிக்கு இன்னொரு சிக்கலும் வைக்கிறேன். சாதாரணக் கான்கிரீட்டிலும் மயிரிழை விரிசல் ஈரம் பட்டால் ஓரளவு தானே அடைபடும். வினைபடாமல் மிஞ்சிய சிமெண்டுத் துகள் செய்கிற வேலை அது. இது பொருளோடு பிறந்த குணம். குமிழோ பாக்டீரியாவோ வைத்து அனுப்புவது ஏற்பாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. உங்கள் பட்டியலில் உண்டா?

அனுப்புநர்: கட்டடப் பொறியாளர், காரைக்குடி

ஐயா, உங்கள் மடலைப் படித்துவிட்டு ஒரு நாள் பதில் எழுதவில்லை. எழுதாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

நேற்றுக் காலை தளத்தில், சாந்து எடுத்துக் கொடுக்கிற சித்தாள் அக்காவின் காதைப் பார்த்தேன். தோடு இல்லை. இரண்டு காதிலும் ஈர்க்குச்சி. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டத் தோட்டை அடகு வைத்திருக்கிறார். குச்சி எதற்கு என்று தெரிந்தேதான் கேட்டேன். "சும்மா விட்டா தூர்ந்துரும்ல" என்றார்.

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் அதைப் பிடித்துக்கொண்டார். வளவுச் சுவரில் ஒரு மயிரிழை வெடிப்பைக் காட்டி, இதை நோண்ட வேண்டாம், பழைய சுண்ணாம்புச் சுவர், ரெண்டு மழை பேய்ந்தால் இதுவும் அப்படித்தான் தூர்ந்துபோகும் என்றார். எத்தனை மழை என்பதில் அவரோடு எனக்குச் சண்டை உண்டு. வேதியியல் சரிதான். சுவரில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்பு மழையில் கொஞ்சம் கரைகிறது, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்கிறது, மெல்லிய வெடிப்பில் கல்லாகப் படிகிறது.

தூர்தல். காதுத் துளை தூரும், கிணறு தூரும், ஊருணி தூரும். மூன்றிலும் தானாகத்தான். 'தான்' ஒட்ட வேண்டியதில்லை. செயப்படுபொருள் வந்தால் தூர்த்தான் என்று வலி மிகும். ஆற்று, ஆறு போலவே இதிலும் இரண்டும் தெளிவாகப் பிரிந்திருக்கிறது. சூடு தணிவதோடு குழம்பாது. வகுப்பில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று. ஊருணி எப்படித் தூர்கிறது? தண்ணீர் வண்டலை எடுத்து வந்து பள்ளத்தில் இறக்குகிறது. ரோமானிய விரிசலில் நடப்பதும் அதுவேதான். வண்டலுக்குப் பதில் கால்சியம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் செய்த பாக்டீரியாக் கான்கிரீட்டும் இதில் அடங்கும். பாக்டீரியாவின் வித்துகளையும் அவற்றுக்குத் தீனியாகக் கால்சியம் லாக்டேட்டையும் கலவையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். வித்து உறங்கிக் கிடக்கும். விரிசல் வழியே தண்ணீர் வந்ததும் விழித்துத் தீனியைத் தின்று சுண்ணாம்புக்கல்லைப் படிய வைக்கும். தண்ணீர்தான் தூண்டுதல், படிவுதான் முடிவு. 'ஹீலிங்' என்ற சொல்லில் இந்த வழிமுறை எதுவும் இல்லை. 'தூர்தல்' என்பதில் இருக்கிறது.

ஆகவே பட்டியலில் இப்படிப் போடுகிறேன். நிகழ்வுக்கு 'விரிசல்தூர்வு'. பொருளுக்குத் 'தூரும் கான்கிரீட்'. ஐயா கேட்ட இரண்டு வகைக்கு: பிறவிக் குணமாக நடந்தால் 'இயல்தூர்வு', முன்கூட்டியே உள்ளே வைத்து அனுப்பினால் 'வைப்புத்தூர்வு'. வேண்டும்போது எடுத்துக்கொள்ள இப்போதே போட்டு வைப்பது வைப்பு என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிளாட்டினத்துக்கு இது வேண்டாம். அங்கே எதுவும் தூரவில்லை. டாக்டரின் 'கூடுதல்' அங்கே போகட்டும். எவர்சில்வருக்கு ஐயா சொன்ன 'ஏடு கட்டுதல்' இருக்கட்டும். நுண்குமிழ்ப் பிளாஸ்டிக்கில் எனக்கு இன்னும் தயக்கம். திரவம் வந்து நிரப்பி இறுகுவதால் அதுவும் வைப்புத்தூர்வுதான் என்று தோன்றுகிறது.

கூடவே இரண்டு சில்லறை: சுட்ட சுண்ணாம்பை நேரடியாகச் சேர்ப்பது 'சுடுகலப்பு', உள்ளே நிற்கும் வெள்ளை 'சுண்ணக்கட்டி'. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற மின்வேதியியலாளர், காரைக்குடி

தம்பி, இரண்டு மறுப்பு.

தூர்தல் என்றால் ஊரில் நல்ல செய்தி இல்லை. ஊருணி தூர்ந்தது என்றால் பஞ்சாயத்தில் சண்டை. தூர் வாரத்தான் திட்டம் போடுகிறார்கள், தூர வைக்க அல்ல. இதை நான் பெரிதாக எண்ணவில்லை. தூர்ந்தது குளமா வெடிப்பா என்பதைப் பொறுத்துத்தான் நல்லதும் கெட்டதும், முன்னால் 'விரிசல்' வந்துவிட்டால் போதும். ஆகவே 'தூரும் கான்கிரீட்' என்று மொட்டையாக எழுதாதே; கான்கிரீட்டே தூர்ந்துபோகிறது என்று படிக்கலாம். 'விரிசல்தூர் கான்கிரீட்' என்று போடு.

இரண்டாவது பெரிது. மொத்தத்துக்கும் ஒரு தலைச்சொல் வேண்டுமென்று அகராதிக்காரர்கள் கேட்பார்கள். நான்கு வினைக்கு நான்கு சொல் கொடுத்துவிட்டு, நான்குக்கும் மேலே என்ன எழுதுவது?

அனுப்புநர்: கட்டடப் பொறியாளர், காரைக்குடி

முதல் திருத்தம் ஏற்றுக்கொண்டேன் ஐயா. தலைச்சொல்லுக்கு 'மீள்திறன்' என்று நினைத்தேன், ஆனால் ரப்பர் இழுத்து விட்டால் திரும்புகிறதே, அதற்கு முன்பே கொடுத்துவிட்டோம். அந்தக் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுகிறேன். தப்பான சொல்லைப் போட்டு நிரப்பினால் பிறகு எடுக்க முடியாது.

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியை, தேவகோட்டை

திங்கட்கிழமை 'விரிசல்தூர்வு' என்று எழுதிவிட்டு, விளக்காமல், என்னவென்று பிள்ளைகளிடமே கேட்கப் போகிறேன். காது குத்தின பிள்ளைகள் முதலில் சொல்லிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கடைசி பெஞ்சு என்ன சொல்கிறது என்று அன்று மாலை எழுதுகிறேன்.