முடக்குவாதம் இருப்பவர்கள் தாய்ச்சி செய்யலாமா?

கேள்வி:
ஆறு வருடமாக எனக்கு முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்கவே முக்கால் மணி நேரம் ஆகிறது. கொஞ்சம் வேகமாக நடந்தால் மறுநாள் முட்டி வீங்கிவிடுகிறது. தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைப் பழகிப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். வீடியோக்களில் எல்லோரும் முட்டியை நன்றாக மடக்கித் தாழ்ந்து நிற்கிறார்கள். என்னால் முடியுமா?

பதில் 1:
எனக்கும் இதே நோய்தான். நான்கு வருடமாகச் செய்கிறேன். அந்தத் தாழ்ந்த நிலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நமக்கு அது தேவையே இல்லை. இன்றும் நான் முட்டியை லேசாகத் தளர்த்துவதோடு சரி. முட்டி கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது, உள்பக்கம் சாயவும் கூடாது.

முதல் இரண்டு மாதம் நாற்காலியில் உட்கார்ந்தே செய்தேன். மூச்சை இழுக்கும்போது கைகள் தோள் உயரத்துக்கு எழும், விடும்போது இறங்கும், அவ்வளவுதான். அப்புறம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று பழகினேன். உடல் எடை முழுவதையும் இடது காலுக்கு மாற்றினால் வலது கால் காலியாகும். அந்தக் காலை எடுத்து வைத்து, குதிகால் தொட்டு, பாதம் முழுவதும் பதிந்த பிறகுதான் எடையை அங்கே கொண்டுபோக வேண்டும். இதற்கே மூன்று வாரம் ஆனது. ஆனால் படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் அதில்தான் விட்டுப்போனது.

ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் 1997இல் மூட்டுவாதக்காரர்களுக்காகவே ஒரு பயிற்சித் தொகுப்பை உருவாக்கினார். அதிலிருந்து தொடங்குங்கள். எதையும் உங்களால் முடிந்ததில் 70 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் 2:
என் அப்பாவுக்கு பார்க்கின்சன், கை கால் நடுங்கி நடை தடுமாறும் நரம்பு நோய். அமெரிக்காவின் ஆரெகனில் அந்த நோய் உள்ள 195 பேரை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. வாரம் இரண்டு முறை, 24 வாரம். தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் குறைவாகவே கீழே விழுந்தார்கள். அதைப் படித்துத்தான் அப்பாவைச் சேர்த்தோம். பக்கத்தில் ஓர் ஆள் நிற்காமல் அவரைச் செய்ய விடுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வீக்கம் இருக்கும் நாளில் என்ன செய்வீர்கள்?

பதில் 1:
வீங்கிய மூட்டை அன்று தொடமாட்டேன். முட்டி என்றால் உட்கார்ந்து கைகள் மட்டும், மணிக்கட்டு என்றால் எடை மாற்றுவது மட்டும். இரண்டும் வீங்கியிருந்தால் மூச்சோடு சரி. மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், ப்ளீஸ். நான் ஒருமுறை குறைத்துவிட்டு ஒரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தேன்.

கேள்வி கேட்டவர்:
இன்று நாற்காலியில் உட்கார்ந்து பத்து முறை கைகளை எழுப்பி இறக்கினேன். வலது தோள் பாதி உயரத்தில் பிடித்துக்கொண்டது. அங்கேயே நிறுத்தி இறக்கிவிட்டேன்.